மெழுகுச் சூடு பாதி வேலைதான், மீதி அதன் பிறகு

செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வயது 46. ஜாலான் ராஜா சூலானில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ், அதாவது தோல் தடித்து இறுகும் ஸ்க்லெரோடெர்மா நோய் என்று சொன்னார்கள். இப்போது விரல்கள் நடுவில் மடங்கி நிற்கின்றன, நிமிர்த்த முடியவில்லை. ஆனால் கையை இறுக்கி மூடவும் முடியவில்லை. சோறு பிசைவதே சிரமம். ஏர்கோன் பட்டால் விரல்கள் வெளுத்துவிடும், அதற்கு நிஃபெடிபின் சாப்பிடுகிறேன். அம்மா தினமும் வெந்நீரில் கையை வைக்கச் சொல்கிறார். சுகமாக இருக்கிறது, அரை மணியில் பழையபடி விறைத்துக்கொள்கிறது. ஒருவர் மெழுகு ஒத்தடம் நல்லது என்றார். மெழுகை வாங்கி ரைஸ் குக்கரில் உருக்கிக்கொள்ளலாமா? பந்தும் அழுத்திக்கொண்டிருக்கிறேன். வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சின்னப் புண் இருக்கிறது, ஆறமாட்டேன் என்கிறது. கணவர் விரல்களைப் பிடித்து இழுத்து விடட்டுமா என்று கேட்கிறார்."

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் அவசரமானது: அந்தப் புண். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோயில் விரல் நுனிப் புண் ரத்த ஓட்டக் குறைவால் வருவது. வெறும் பிளாஸ்டர் போட்டு ஆற்றிவிட முடியாது. மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டியிருக்கலாம். சீழ் வைத்தாலும், வலி தூங்கவிடாமல் துடித்தாலும், நுனி நீலம் பாரித்து அல்லது கறுத்து அப்படியே நின்றாலும் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். புண் முழுவதும் மூடும்வரை வலது கை மெழுகுக்குள் போகக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. இடது கையில் தொடங்கலாம்.

வெந்நீரைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. சூடு பட்டதும் தோலும் அதன் அடியில் உள்ள நார்த்திசுவும் கொஞ்சம் இளகும், ரத்தம் ஓடும், வலி குறையும். ஆனால் கை ஆறியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இளகியிருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மூட்டுகளை நீட்டி மடக்கினால்தான் சூட்டுக்குப் பலன். நீங்கள் சூடு காட்டிவிட்டுக் கையைத் துடைத்து வேலைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குறை அங்கேதான்.

ஸ்வீடனில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ள 17 பேர் இரண்டு கைகளுக்கும் பயிற்சி செய்தார்கள். ஒரு கைக்கு மட்டும் அதோடு தினமும் மெழுகு. ஒரு மாதத்தில் மெழுகு கண்ட கை முன்பைவிடக் கூடுதலாக மடங்கியது, கூடுதலாக நிமிர்ந்தது, கட்டைவிரலும் நன்றாக விரிந்தது. ஜப்பானில் 2006-இல் வெளியான இன்னொன்றில் 45 பேர் மெழுகு இல்லாமலே, ஒவ்வொரு விரலையும் தாங்களே 10 விநாடி நீட்டிப் பிடித்து, 3 முதல் 10 தடவை தினமும் செய்தார்கள். ஒரு மாதத்தில் விரல்களின் அசைவு கூடியது, ஒரு வருடம் கழித்தும் அது குறையவில்லை. இரண்டும் சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் மெழுகு டப்பா இல்லை என்பதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இவை போதும்.

இனி அந்தப் பந்து. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். ஸ்க்லெரோடெர்மா கையில் இரண்டு அசைவுகள் ஒரே நேரத்தில், எதிரெதிர் திசையில் குறைகின்றன. கை மூடும்போது மேலே புடைத்துத் தெரியுமே, அந்த அடி மூட்டு மடங்க மறுக்கும். விரலின் நடு மூட்டு நிமிர மறுக்கும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான். பந்தை அழுத்தும்போது வேலை செய்வது ஏற்கெனவே மடங்கிக் கிடக்கும் நடு மூட்டு. அதை இன்னும் மடக்கவே தசைகளைப் பழக்குகிறீர்கள். மடங்க வேண்டிய அடி மூட்டு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. பக்கவாதம் வந்த கைக்கும் வேறு மூட்டு வலிக்கும் சொல்லும் பயிற்சியை யாரோ உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

மெழுகுக்கு வருவோம். ரைஸ் குக்கர் வேண்டவே வேண்டாம். 'வார்ம்' நிலையிலேயே அது 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும், கை வெந்துவிடும். அடுப்பில் நேரடியாக உருக்கவும் கூடாது, மெழுகு தீப்பற்றும் பொருள். வீட்டில் ஏற்றும் மெழுகுவத்தியும் உதவாது, அது உருகும் சூடே கைக்கு அதிகம். ஒத்தடத்துக்கென்று விற்கும் பாரஃபின் மெழுகு மினரல் ஆயில் கலந்து வரும். வழக்கமான கலவை ஏழு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு எண்ணெய். எண்ணெய் சேர்வதால் குறைந்த சூட்டிலேயே உருகி நிற்கும். வாங்குவதானால் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். அதிலும் ஒரு சமையல் தெர்மோமீட்டரை விட்டு நீங்களே பார்க்க வேண்டும். டப்பாவில் எரியும் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

கைக்குப் பொதுவாக வைக்கும் சூடு 50 முதல் 54 பாகை. குளிர் பட்டால் விரல் வெளுக்கும் ரேனோ உள்ள கைக்கு அதில் கீழ்ப்பகுதியே போதும். அதே சூட்டில் தண்ணீர் இருந்தால் சில நிமிடத்தில் தோல் வெந்துவிடும். மெழுகு சூட்டை மெதுவாகத்தான் கைக்குக் கொடுக்கும் என்பதால் தாங்க முடிகிறது. ஆனால் உங்கள் விரல்களுக்குச் சூடு சரியாகத் தெரிகிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். நீரிழிவும் இருந்தால் இது இன்னும் முக்கியம், நம்மவர்களில் அது இல்லாத வீடு குறைவு. அதனால் முதல் தடவை வீட்டில் வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், உங்கள் ருமட்டாலஜி மருத்துவரிடம் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' (ஓக்குபேஷனல் தெரபி) பிரிவுக்கு ஒரு சுராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள். அங்கே ஓக்குபேஷனல் தெரபிஸ்ட் சூட்டு உணர்வைச் சோதித்து, முன்னால் நின்று மெழுகு போட்டுக் காட்டுவார். அதன்பின் வீட்டில் செய்யலாம்.

செய்யும்போது உட்கார்ந்து செய்யுங்கள். நிஃபெடிபின் ரத்தக் குழாய்களை விரிக்கும், சூடும் விரிக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் மெழுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் அந்த இடம் சுடும். விரல்களைச் சற்று அகட்டி, மணிக்கட்டு வரை உள்ளே விட்டு உடனே வெளியே எடுங்கள். டப்பாவின் அடியிலும் ஓரத்திலும் கை படக் கூடாது, சூடேற்றும் கம்பி அங்கேதான் இருக்கும். மெழுகின் பளபளப்பு மங்கியதும் மறுபடி முக்குங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கோட்டைத் தாண்டினால் புது மெழுகு பழைய உறைக்குள் வழிந்து நேராகத் தோலில் படும். இப்படி 6 முதல் 10 தடவை. நடுவில் விரல்களை அசைத்தால் உறை விரிசல் விடும், அதன் வழியாகவும் சூடான மெழுகு உள்ளே போகும். எத்தனையோ கைகள் சுட்டுக்கொள்வது இந்த இரண்டு காரணங்களால்தான்.

பிறகு கையை ஒரு பிளாஸ்டிக் பையில் விட்டு, துவாலையால் சுற்றி 15 நிமிடம். 'சுடுகிறதோ' என்ற சந்தேகம் வந்தால் 15 நிமிடம் முடியட்டும் என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே உரித்துவிடுங்கள். உரித்ததும் கை ஒரே சீராகச் சிவந்திருப்பது இயல்பு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். திட்டுத் திட்டாகச் சிவந்தோ வெளுத்தோ நின்றால் சூடு அதிகம் என்று பொருள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டும்வரை மெழுகு நிறுத்தம். உங்கள் டப்பாவில் வேறு யாரும் கை விடக் கூடாது.

தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, கெட்டியாக ஏதாவது தென்பட்டால் அதை அழுத்தவோ பிதுக்கவோ வேண்டாம். தோல் திறந்திருந்தால் அந்தக் கைக்கும் மெழுகு கிடையாது.

டப்பா வாங்க வசதியில்லை என்றால் இடது கைக்கு அம்மாவின் வெந்நீரே போதும். 38 முதல் 40 பாகை, 10 நிமிடம், அதுவும் தெர்மோமீட்டர் வைத்து. 'கை பொறுக்கும் சூடு' என்று அம்மா பார்ப்பது அவருடைய கை பொறுக்கும் சூடு. எடுத்ததும் உடனே துடைத்து, வாசலின் போன்ற கெட்டியான களிம்பு பூசிவிடுங்கள். ஈரம் உலரும்போது கை மறுபடி குளிர்ந்துவிடும், தோலும் வறளும். விரல்கள் வெளுத்திருக்கும் நேரத்தில் நேராகச் சூட்டில் வைக்க வேண்டாம். முதலில் அக்குளில் வைத்தோ போர்வைக்குள் வைத்தோ நிறம் திரும்பட்டும்.

கோடாலி தைலம் பூசிவிட்டுச் சூடு காட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம். அதிலுள்ள மெந்தால் குளிர்ச்சி காட்டி உண்மையான சூட்டை மறைக்கும். சூடு பட்ட தோல் மருந்தையும் கூடுதலாக உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் தோல் புண்ணாகிவிடும்.

மெழுகு உரித்த கையோடு பயிற்சிக்கு வந்துவிட வேண்டும். ஃபேனையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டு, மேசை முன் உட்காருங்கள்.

முதலில் நடு மூட்டு, ஏனென்றால் உங்கள் கையில் நாளுக்கு நாள் அதிகம் இழந்துகொண்டிருப்பது அதுதான். இடது கையின் ஆள்காட்டி விரலை எடுத்துக்கொள்வோம். முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். வலது கையின் கட்டைவிரலை அந்த விரலின் நடு மூட்டுக்கு மேலே, முதுகுப்பக்கம் வையுங்கள். வலது நடுவிரல் அதே விரலின் உள்பக்கத்தில், நடு மூட்டுக்கும் நுனி மூட்டுக்கும் இடையில் உள்ள எலும்பைத் தாங்கட்டும். புண் உள்ள வலது ஆள்காட்டி விரலை இதில் சேர்க்காதீர்கள். இப்போது கட்டைவிரல் மெல்லக் கீழே அழுத்த, நடுவிரல் மெல்ல மேலே தூக்க, மூட்டு நிமிரத் தொடங்கும். உள்பக்கத்தில் ஓர் இழுப்பு தெரியும் இடத்தில் நின்றுவிடுங்கள். மூச்சைப் பிடிக்காமல் 10 எண்ணுங்கள், விடுங்கள். ஒரு விரலுக்கு 3 தடவையில் ஆரம்பித்து, சில வாரங்களில் 10 வரை போகலாம். குத்தித் தூக்க வேண்டாம், மெதுவாகப் போய் நின்று பிடிப்பதில்தான் திசு நீளும். விரல் நுனியைப் பிடித்து வளைக்கவே கூடாது. நுனியில் தள்ளினால் நிமிர்வது நுனி மூட்டு. நடு மூட்டு அப்படியே கிடக்கும், ரத்தம் குறைந்த நுனித் தோலும் நசுங்கும்.

அடுத்து அடி மூட்டு. நான்கு விரல்களையும் முடிந்தவரை நீட்டிவைத்து, வலது உள்ளங்கையை அவற்றின் முதல் எலும்புகளின் மேல், அதாவது அடி மூட்டுக்கும் நடு மூட்டுக்கும் நடுவில், படிய வையுங்கள். அங்கிருந்து கீழே அழுத்தினால் கை மேசை விளிம்பில் மடிந்த துணி போல அடி மூட்டில் மட்டும் மடங்க வேண்டும். இதுவும் 10 விநாடி. அழுத்தும்போது நடு மூட்டின் மேல்தோலைக் கவனியுங்கள். அது இழுபட்டு வெளுத்தால் நடு மூட்டும் சேர்ந்து மடங்குகிறது என்று அர்த்தம். அங்கே தோல் எலும்போடு ஒட்டி மெலிந்திருக்கும், வெடித்தால் புண் ஆறப் பல வாரங்கள் ஆகும். முழுதாகக் கை மூட முயலும்போதும் இதே எச்சரிக்கை.

மீதி எளிது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதையை விரிக்க, ஓர் உருண்டையான தண்ணீர்ப் புட்டியை அந்த இடைவெளி முழுவதும் பதியும்படி பிடித்து 10 விநாடி. பழகியபின் இன்னும் பருத்த புட்டி. கையை மேசையில் வைத்து விரல்களை அகட்டிச் சேர்ப்பது 10 தடவை. கடைசியாக வணக்கம் சொல்வதுபோல் கைகூப்பி, உள்ளங்கைகள் பிரியாமல் முழங்கைகளை மெல்ல வெளியே தூக்கினால் மணிக்கட்டும் நீளும். புண் ஆறும்வரை இதில் நுனிகள் ஒன்றையொன்று அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலது கைக்கு இப்போதைக்கு இதே பயிற்சிகள், மெழுகு இல்லாமல். புண்ணைக் கட்டி, கையுறை போட்டு, தோளில் சால்வையும் காலில் காலுறையுமாக உடம்பைக் கதகதப்பாக்கிக்கொண்டு செய்யுங்கள். உடம்பு சூடானால் விரலுக்கும் ரத்தம் வரும். ஆள்காட்டி விரலுக்கு அடி மூட்டு மட்டும் போதும். நடு மூட்டில் கை வைத்தால் நுனிக்கு வலி போகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு வலிக்கலாம்? இழுப்பு இருக்கலாம், விட்டவுடன் அடங்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் மூட்டு துடித்தால் அன்று அதிகம் செய்துவிட்டீர்கள். மறுநாள் விடுமுறை எடுக்காமல் பாதி அழுத்தத்தில் செய்யுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் இழுப்பதை நிறுத்தி, தானாக அசையும் அளவுக்கு மட்டும் அசைத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு மூட்டு எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் சுவரில் முட்டியது போல் ஒரே இடத்தில் நின்றால் அது எலும்போடு எலும்பாக இறுகியிருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் அதை நெருக்காதீர்கள்.

அலுவலகத்தில் ஏர்கோன் காற்று நேராக விழாத இடமாக மேசையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், மருத்துவர் கடிதம் தந்தால் கேட்பது எளிது. விரல் நுனி திறந்த கையுறை தட்டச்சுக்கு உதவும், ஆனால் நுனி தானே உங்களுக்கு வெளுக்கிறது? மெல்லிய பருத்தியில் முழுக் கையுறையே நல்லது. மதியம் ஒரு தடவை, சூடு இல்லாமலே, நடு மூட்டுக்கும் அடி மூட்டுக்கும் 3 தடவை செய்துவிடுங்கள். எல்ஆர்டி ரயில் ஏறுவதற்கு முன்பே கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே போய்க் குளிர்ந்தபின் போட்டால் குளிர்தான் உள்ளே அடைபடும்.

வீட்டு வேலையிலும் தேர்ந்தெடுக்கலாம். புண் ஆறியபின் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு பிசையுங்கள், முஷ்டியால் குத்தாமல் விரல்களை நீட்டி உள்ளங்கையால் தள்ளி. நடு மூட்டுக்கு அது அருமையான பயிற்சி. துணி பிழிவதையும் பாட்டில் மூடி திருகுவதையும் மற்றவர்களிடம் விடுங்கள். சோறு பிசைவதை விடாதீர்கள், அடி மூட்டு மடங்கும் வேலை அது. இப்போதைக்கு வலது கையில் புண் இருப்பதால் காம்பு தடித்த கரண்டி. காம்பில் துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாலே தடித்துவிடும்.

மாதத்தில் ஒரு நாள், காலையில், சூடு காட்டுவதற்கு முன் அளந்து எழுதிவையுங்கள். கைகூப்பும்போது இரு நடுவிரல்களின் நடு மூட்டுகளுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி. கை மூடும்போது நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையே எவ்வளவு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முழுதாக அகட்டினால் நுனிக்கு நுனி எவ்வளவு. இந்த நோயில் எண் குறையாமல் நின்றாலே வெற்றி. வருடங்கள் போகப் போகத் தோல் தானாகவே கொஞ்சம் இளகுவது உண்டு, ஆனால் இறுகிய மூட்டு அதோடு சேர்ந்து திறக்காது. அதனால்தான் இப்போதே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

கணவர் உதவலாம். சோர்வான நாட்களில் அது பெரிய உதவி. ஆனால் 'இழுத்து விடுவது' கிடையாது. நெட்டி முறிப்பது கிடையாது. மேலே சொன்ன அதே இரண்டு இடங்களில் பிடித்து, அவர் விரல் நகம் வெளுக்காத அளவு அழுத்தம் மட்டும். எண்ணுவது நீங்கள். 'போதும்' என்றால் அவர் சட்டென்று விடாமல் மெல்ல விட வேண்டும். தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகும் அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் தெரபிஸ்ட் அவர் கையிலேயே அந்த அழுத்தத்தைப் போட்டுக் காட்டட்டும்.